‘வயதானவர்தானே!’



நம் பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்றில் 1962ஆம் ஆண்டு முதல் 2001ஆம் ஆண்டு வரை உபதேசியாராகத் தொண்டாற்றிய பெரியவர் ஒருவர், சென்ற மாதம் தமது 87ஆம் வயதில், திருவருட்சாதனங்களைப் பெற்று ஆண்டவரில் துயில் கொண்டார். தம் பெயர் அச்சில் வருவதை வாழ்நாளில் ஒருபோதும் விரும்பாதவர் அவர். ஆதலின் அவர் பெயரை இங்கு நாம் குறிப்பிடவில்லை. அவரை அறிந்தோர் அறிவர்; அறியாதோரும் தத்தம் ஊரில் இத்தகைய ஒருவரையேனும் கண்டிருப்பர். இம்மாதம் இப்பக்கத்தை அவர் நினைவுக்கும், அவரை இழந்து வாடும் குடும்பத்தாரின் ஆறுதலுக்கும் உரியதாக்குகிறோம். அதனோடு, துக்க வீட்டிற்குச் சென்று நாம் சொல்லும் ஆறுதல் மொழிகளைப் பற்றியும் சிறிது சிந்திப்போம். அவற்றுள் சில, புண்ணுக்கு மருந்தாவதற்கு மாறாக, புண்ணின்மேல் இன்னொரு புண்ணாகிவிடுகின்றன.

உபதேசியார் என்னும் சொல்லை இன்றைய இளந்தலைமுறையினர் பலர் கேட்டிருக்கவும் மாட்டார்கள். தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் அச்சொல்லுக்குப் பெரும் பொருள் உண்டு. 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தாம் ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊருக்குச் செல்லுமுன், அவ்வூரில் செபங்களைக் கற்பிக்கவும், சாகும் தறுவாயிலுள்ள குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவும் பொதுநிலையினரை ஏற்படுத்திச் சென்றார். அவர்களைக் கணக்கப்பிள்ளை என்று மக்கள் அழைத்தனர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இத்தகைய தொண்டர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பின்னர், பல ஊர்களில் குருவானவரின் முகத்தையே மக்கள் காணாத நெடுங்காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் ஓலைக் கோயில்களில் விளக்கேற்றி, செபம் சொல்லி, விசுவாசம் அணைந்துபோகாமல் காத்தவர்கள் இந்த உபதேசியார்களே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் மறைப்பணி பற்றிய தன் ஏட்டில் இவர்களின் தொண்டைப் போற்றியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் மறைக்கல்வி கற்பிப்போரின் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளுள் ஒன்றாகவே நிறுவினார்.

அந்த நீண்ட சங்கிலியின் ஒரு கண்ணிதான் நம் பெரியவர். 24ஆம் வயதில் அவர் அப்பணியை ஏற்றபோது திருப்பலி இலத்தீன் மொழியில் நடந்துகொண்டிருந்தது. பின்னர் தமிழ் வந்தபோது, எழுத்தறியாத மூதாட்டிகளுக்குப் புதிய பதிலுரைகளை, மாலைதோறும் கோயில் திண்ணையில் அமர்ந்து, வாய்ப்பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். பங்குக்குரு மாதம் ஒருமுறை மிதிவண்டியில் வந்த காலம் அது. எஞ்சிய நாள்களிலெல்லாம் மணியடித்தவர், செபமாலை தொடங்கியவர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தவர், நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்தவர், குருவானவர் வந்து சேர இயலாத வேளையில் அடக்கச் செபங்களைச் சொன்னவர் அவரே. அவர் பெற்ற ஊதியம் சம்பளம் என்று சொல்லத் தகாத சிறு தொகை. அறுவடைக் காலத்தில் வீடுகள் தந்த நெல்லே குடும்பத்தைத் தாங்கியது.

இவையெல்லாம் உபதேசியார் பலருக்கும் பொதுவானவை. அவருக்கே உரிய ஒன்றை இனிச் சொல்வோம்.

அவரிடம் நான்கு கணக்கு நோட்டுகள் இருந்தன. வரவு செலவு எழுதும் நீண்ட நோட்டுகள். ஆனால் அவற்றில் பணக்கணக்கு ஏதுமில்லை. 1963ஆம் ஆண்டு முதல் அந்த ஊரில் இறந்தோர் அனைவரின் பெயரும், இறந்த நாளும், தந்தை பெயரும், கல்லறை இருக்கும் இடமும் அவற்றில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. பங்கு அலுவலகத்தில் இறப்புப் பதிவேடு உண்டு. அது திருச்சபைச் சட்டத்தின்படி நாம் எழுதி வைப்பது. இது சட்டத்திற்காக எழுதப்பட்டதன்று. ஒருவருடைய ஆண்டு நினைவுக்கு முந்தின நாள் மாலையில் பெரியவர் அவ்வீட்டு வாசலில் போய் நிற்பார். “நாளைக்கு உங்க அய்யாவோட நாள். பூசைக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்பார். அவ்வளவுதான். கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், கால்கள் தாங்கிய வரையில், இவ்வழக்கத்தை அவர் விடவில்லை.

அடக்கம் முடிந்த பின் அந்நோட்டுகளை அவர் பேத்தி நம்மிடம் கொண்டுவந்து காட்டினாள். அவற்றைப் புரட்டுகையில் நாம் கண்ட சில பதிவுகளை மறக்க இயலாது. ஒரே நாள் உயிர்வாழ்ந்த குழந்தைகளின் பெயர்கள் உள்ளன. அவர் தம் கையாலேயே அவசரத் திருமுழுக்கு அளித்துப் பெயரிட்டவை அவை. ஓரிடத்தில், ‘பெயர் தெரியாத வழிப்போக்கர், பேருந்து நிறுத்தத்தில் இறந்தார், நம் கல்லறையில் வடக்கு மூலை’ என்று எழுதியிருக்கிறது. அந்த வழிப்போக்கருக்கு நினைவூட்ட வீடு ஏது? ஆண்டுதோறும் அந்நாளில் பெரியவரே தம் கைக்காசில் திருப்பலி ஒப்புக்கொடுத்து வந்தார் என்பதை அவர் துணைவியார் சொல்ல நாம் அறிந்தோம்.

எவருடைய மரணத்தையும் சிறிதென்று கருதாத மனிதர் அவர். ஒரு நாள் குழந்தையா, நூறு வயதுக் கிழவியா, ஊர்பேர் அறியாத வழிப்போக்கரா என்னும் வேறுபாடு அந்நோட்டுகளில் இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவான ஒரு வரி.

அத்தகைய மனிதரின் மரணத்தைப் பற்றி நம் மக்கள் என்ன சொன்னார்கள்? “வயதானவர்தானே!” என்றார்கள். “பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரனையும் பார்த்துவிட்டார், இனி என்ன குறை?” என்றார்கள். “கல்யாணச் சாவு, அழக்கூடாது” என்றார்கள். மேளத்திற்கும் வெடிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். இறுதி ஈராண்டுகள் அவர் நினைவு தடுமாறி, பெற்ற பிள்ளைகளின் பெயரையும் மறந்து, படுக்கையில் கிடந்தவர். செபங்கள் மட்டுமே அவருக்கு மறக்கவில்லை. ஆகவே, “அவருக்கும் விடுதலை, உனக்கும் பாரம் இறங்கியது” என்று அவர் துணைவியாரிடமே சொன்னவர்களும் உண்டு.

இவர்கள் எவரும் தீய எண்ணத்தோடு பேசியவர்களல்லர். துக்கத்தின் முன் வெறுங்கையோடு நிற்க நாணி, கைக்கு எட்டிய சொல்லை எடுத்து நீட்டியவர்கள். எனினும், அச்சொல்லைப் பெற்றுக்கொண்டவரின் நிலை என்ன?

மூன்றாம் நாள் மாலையில் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம். அறுபத்தோர் ஆண்டுகள் அவரோடு வாழ்ந்த அந்த அம்மையார் அடுப்படியில் தனியே அமர்ந்திருந்தார். “சாமி, காலையில நாலு மணிக்கு எழுந்து அவருக்குக் கஞ்சி காய்ச்சணும். ரெண்டு வருசப் பழக்கம். இப்பவும் நாலு மணிக்கு முழிப்பு வந்துருது. எழுந்து உட்கார்ந்து என்ன செய்யுறதுன்னு தெரியல” என்றார். சற்றுப் பொறுத்து, “வயசானவரு செத்தா அழக்கூடாதாமே சாமி, அப்படியா?” என்று கேட்டார். “அழலாம் அம்மா, ஆண்டவரே அழுதிருக்கிறார்” என்றோம். அதன் பிறகே அவர் வாய்விட்டு அழுதார். மூன்று நாள்களாக அவரைச் சூழ்ந்து அத்தனை பேர் இருந்தும், அழுவதற்கு அவருக்கு அனுமதி கொடுத்தவர் எவருமில்லை.

அன்பர்களே, முதியவரின் மறைவுக்கு அழலாகாது என்று எந்தத் திருநூல் சொல்கிறது? தொடக்கநூலைத் திறந்து பாருங்கள். குலமுதல்வர் யாக்கோபு இறந்தபோது அவருக்கு வயது 147. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்டு, அனைவருக்கும் ஆசி வழங்கி நிறைவாக மரித்தவர். அவர் மகன் யோசேப்போ எகிப்து நாட்டையே ஆளும் அதிகாரம் பெற்றவர். அத்தகையவர் தந்தையின் முகத்தின்மேல் விழுந்து அழுதார், அவரை முத்தமிட்டார். எகிப்தியர் எழுபது நாள் துக்கம் கொண்டாடினர். கானானுக்குச் செல்லும் வழியிலும் ஏழு நாள் புலம்பினார்கள். மோசே 120 வயதில் இறந்தபோது இஸ்ரயேல் மக்கள் முப்பது நாள் அழுதார்கள். வயது நிறைந்தது என்பதற்காக எவரும் கண்ணீரைக் கட்டிவைக்கவில்லை.

நம் ஆண்டவர் பெத்தானியாவில் இலாசரின் கல்லறைமுன் கண்ணீர் விட்டார். இன்னும் சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்பதை அறிந்திருந்தும் அழுதார். ஆதலின், உயிர்ப்பில் நம்பிக்கை உள்ளவன் அழமாட்டான் என்னும் வாதம் இங்கே உடைந்துபோகிறது. திருத்தூதர் பவுல் தெசலோனிக்க மக்களுக்கு எழுதுகையில், நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துயருற வேண்டாம் என்றுதான் அறிவுறுத்துகிறார். துயரே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவனின் கண்ணீர் முற்றுப்புள்ளி போன்றது. விசுவாசியின் கண்ணீரோ, ஊருக்குப் புறப்படுபவரை வழியனுப்பும் கண்ணீர். மீண்டும் சந்திப்போம் என்று அறிந்திருந்தும், தொடர்வண்டி நகரும்போது கண்கள் நிறைவதில்லையா?

387ஆம் ஆண்டில் ஓஸ்தியாத் துறைமுகத்தில் புனித மோனிக்கா உயிர்நீத்தபோது, அவர் பேரனான சிறுவன் அதேயோதாத்துஸ் கதறி அழுதான். சூழ நின்றோர் அவனை அடக்கினர். கிறிஸ்தவ நன்மரணத்திற்குப் புலம்பல் தகாது என்று அவர்கள் எண்ணினார்கள். அகுஸ்தினாரும் அடக்கம் முடியும் வரை தம் கண்ணீரை வலிந்து தடுத்துக்கொண்டார். பின்னர் தனிமையில் அது கரையுடைத்துப் பெருகியபோது, தமக்காகப் பல்லாண்டுகள் அழுத தாய்க்காகத் தாம் சிறிது நேரம் அழுததைக் குறை கூறுவோர் நகைக்க வேண்டாம் என்று தம் ‘அறிக்கை’ நூலில் இறைவன் முன்னிலையில் எழுதி வைத்தார். மறைவல்லுநர் ஒருவருக்கே தேவைப்பட்ட கண்ணீர் நமக்குத் தேவையற்றதாகுமா?

அண்மைக் காலச் சான்று ஒன்றும் உண்டு. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு வயது 88. “வயதானவர்தானே” என்று சொல்லி உலகம் அன்று வாளாவிருந்ததா? நம் கிராமத்துக் கோயில்களிலும் துக்க மணி ஒலித்தது; அவர் படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி மக்கள் அழுதார்கள். அவரோ, தாத்தா பாட்டியரும் முதியோரும் திருச்சபையில் மறக்கப்படலாகாது என்று கருதி, ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை அவர்களுக்குரிய உலக நாளாக 2021இல் ஏற்படுத்தியவர். தம் பாட்டி எழுதிய மடல் ஒன்றைத் தம் செபப் புத்தகத்தினுள் வைத்துப் பேணியவர். திருத்தந்தைக்கு உரிய கண்ணீர், ஓலைக் கோயிலில் உழைத்த உபதேசியாருக்கும் உரியதே. இருவரும் ஒரே திருமுழுக்கின் பிள்ளைகள்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். நெடுநாள் வாழ்ந்தவரை இழப்பது, வேர் ஆழ ஓடிய மரத்தைப் பிடுங்குவது போன்றது. மரம் எவ்வளவு முதிர்ந்ததோ அவ்வளவு பெரிய பள்ளம் விழும். அறுபத்தோர் ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் கேட்ட இருமல் ஒலி நின்றுவிட்ட வீட்டில், அந்த அமைதியே ஒரு பாரம். நோயாளியைப் பேணியவர்க்கு, அப்பணி நீங்கியது ஓய்வன்று. கைகளுக்கு நேர்ந்த வெறுமை. ‘பாரம் இறங்கியது’ என்று நாம் சொல்லும்போது, அவர் அன்போடு சுமந்ததைச் சுமை என்று பெயரிட்டு இழிவுபடுத்துகிறோம்.

அவ்வாறாயின் என்ன சொல்வது, என்ன செய்வது என்று கேட்பீர்கள். எளிய சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவதாக, சொல் கிடைக்கவில்லையானால் சொல்லாமலே இருங்கள். யோபின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் வாய்திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் நல்லது அதுவே. வாய்திறந்த பிறகுதான் அவருக்குத் துன்பம் தந்தார்கள்.

இரண்டாவதாக, இறந்தவரைப் பற்றி நீங்கள் அறிந்த நன்மை ஒன்றைச் சொல்லுங்கள். “எனக்கு நற்செய்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்” என்று ஒரு மீனவ இளைஞர் அடக்கத்தன்று அம்மையாரிடம் சொன்னார். அன்று சொல்லப்பட்ட நூறு சொற்களுள் அவர் நினைவில் நின்றது அது ஒன்றே. இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். பெயரைக் கேட்டால் துக்கம் கிளறும் என்பது தவறு. எவரும் பெயரைச் சொல்லாதபோதே துக்கம் உள்ளுக்குள் புகைகிறது.

மூன்றாவதாக, எட்டாம் நாளுக்குப் பிறகு செல்லுங்கள். அடக்கத்தன்று வீடு கொள்ளாத கூட்டம். முப்பதாம் நாள் திருப்பலிக்கும் கூட்டம். நாற்பதாம் நாள் மாலை அவ்வீட்டின் கதவைத் தட்டுவோர் யார்? அன்பியக் குடும்பங்கள் முறைவைத்துச் சென்று, ஒரு பத்து மணி செபமாலை சொல்லி, ஒரு வாய் காப்பி குடித்துத் திரும்பினால் அதுவே பேருதவி.

நான்காவதாக, தொலைவில் உள்ளவர்களை மறவாதீர்கள். பெரியவரின் இளைய மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். விடுமுறை கிடைக்காமல், தந்தையின் அடக்கத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்தவர். அன்று மாலையே அவர் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. “உன் அப்பாவுக்கு வயதாகிவிட்டது, விடு” என்று உடனிருப்போர் சொல்ல, தம் துயரைக் கொட்ட இடமின்றி நள்ளிரவில் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு பிடி மண் போட இயலாத மகனின் துயர் தனித் துயர். நம் ஊர்களில் இத்தகைய பிள்ளைகள் இன்று எத்தனை பேர்! அவர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள். கல்லறையின் படம் ஒன்றை அனுப்புங்கள். அவர் ஊர் வரும் நாளில், அது எத்தனை மாதங்கள் கழித்தாயினும், கல்லறையில் மீண்டும் செபம் சொல்லி மந்திரிக்க நாம் ஆயத்தமாய் இருக்கிறோம்.

இறுதியாக, மன்றாடுங்கள். புனித மோனிக்கா தம் பிள்ளைகளிடம் கேட்டது, தம்மை எங்கு அடக்கம் செய்தாலும் ஆண்டவரின் பீடத்தண்டை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே. பளிங்குக் கல்லறையும் வண்ணச் சுவரொட்டியும் அவர் கேட்கவில்லை. இறந்தோர்க்கு நாம் இன்னும் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது என்பதே கத்தோலிக்க விசுவாசம் துக்க வீட்டிற்குக் கொண்டுவரும் மாபெரும் ஆறுதல்.

இனி, அக்குடும்பத்தாரை நோக்கி ஒரு வார்த்தை.

அம்மா, உங்கள் கண்ணீர் விசுவாசக் குறைவன்று; அறுபத்தோர் ஆண்டு அன்பின் மீதம் அது. நாலு மணிக்கு விழிப்பு வரும்போது செபமாலையைக் கையில் எடுங்கள். கஞ்சி காய்ச்சிய அதே நேரத்தில் அவருக்காக மன்றாடுங்கள்; அவருக்குச் செய்யும் பணிவிடை அப்போது நின்றுபோகாது. பிள்ளைகளே, தந்தை சேர்த்துவைத்த சொத்து பெரிதன்று என்று நினையாதீர்கள். ஊரார் இறந்த பெற்றோரை மறவாதிருக்கும்படி வாசல் வாசலாய் நடந்த கால்களின் பிள்ளைகள் நீங்கள். பேரப்பிள்ளைகளே, தாத்தா சொல்லிக்கொடுத்த செபங்களை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நம் பங்கு மக்கள் அனைவரின் சார்பிலும் எங்கள் ஆழ்ந்த அனுதாபத்தை உங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

அந்த நான்கு நோட்டுகளையும் கிராமத்து இளையோர் இயக்கத்தார் பொறுப்பேற்றுள்ளனர். நான்காம் நோட்டின் கடைசிப் பதிவுக்குக் கீழே பெரியவரின் பெயரையும், தந்தை பெயரையும், இறந்த நாளையும், கல்லறை இருக்கும் இடத்தையும் அவர் பேத்தி ஒரே வரியில் எழுதியிருக்கிறாள். எல்லோருக்கும் கொடுத்த அதே அளவு. அடுத்த ஆண்டு அந்நாளுக்கு முந்தின மாலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கவேண்டிய முறை நம்முடையது. அது வரையில் உங்கள் செபங்களில் அவரையும் அவர் குடும்பத்தையும் நினைவுகூர வேண்டுகிறோம். இரக்கமுள்ள இறைவன் அவருக்கு நிலையான இளைப்பாற்றியும், அவரை இழந்து தவிப்போர்க்குத் திடனும் அருள்வாராக. ஆமென்.